செயின்ட் பெர்னார்ட் கழுத்தில் பீப்பாய் உண்மையா? (பெரிய நாய் இனங்கள், பள்ளிப் பிள்ளைகளும் படிக்கலாம்)

#1 – கவின்_7ஆம்வகுப்பு

எல்லாருக்கும் வணக்கம். அப்பா கணக்குல இருந்து எழுதுறேன், அவரும் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார். ஸ்கூல்ல விலங்குகள் பத்தி சார்ட் செய்யச் சொல்லியிருக்காங்க. நான் பெரிய நாய்களை எடுத்துக்கிட்டேன்.

முதல்ல செயின்ட் பெர்னார்ட் வரைஞ்சேன். கழுத்துல குட்டிப் பீப்பாய், அதுக்குள்ள பிராந்தி, பனியில மாட்டிக்கிட்டவங்களுக்கு அதைக் குடுக்கும்னு எழுதினேன். அப்புறம் பாரின்னு ஒரு நாய் 40 பேரைக் காப்பாத்துச்சு, 41ஆவது ஆள் ஓநாய்னு நினைச்சு அதைக் கொன்னுட்டான்னு எழுதினேன். அதைப் படிச்சுட்டு என் தங்கச்சி அழுதுட்டா. ஆனா பெரியப்பா வந்து பார்த்துட்டு பீப்பாய் எல்லாம் கட்டுக்கதைன்னு சொல்றார். எது சரி? மத்த பெரிய நாய்கள் பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமை சார்ட் குடுக்கணும்.

#2 – வாசிப்புமேசை

கவின், வணக்கம். நான் முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்த டீச்சர். உங்க பெரியப்பா சொல்றதுல நிறைய உண்மை இருக்கு. ஆனா அந்த நாய்கள் செஞ்ச வேலை கட்டுக்கதை இல்லை. அதனால இடத்தில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவில ஆல்ப்ஸ் மலையில ஒரு கணவாய் இருக்கு. உயரம் 2,469 மீட்டர். ரோமானியர் காலத்தில இருந்தே ஆட்கள் அந்த வழியா மலையைக் கடந்தாங்க. வருஷத்தில பாதிக்கு மேல பனி மூடிக் கிடக்கும். வழி தெரியாது, பனிச்சரிவு வரும், மூடுபனி இறங்கினா நீட்டின கை தெரியாது. சுமார் 1050ஆம் ஆண்டில பெர்னார்ட் என்ற துறவி கணவாயின் உச்சியில ஒரு மடம் கட்டினார். வர்ற வழிப்போக்கர் யாரா இருந்தாலும் சோறும் படுக்கையும் கொடுக்கிற சத்திரம் அது. இன்னைக்கும் அந்த மடம் இருக்கு. கணவாய்க்கும் நாய்க்கும் அவர் பெயர்தான்.

நாய்கள் அங்க வந்தது 600 வருஷம் கழிச்சு, 1660களில. அதுவும் ஆளைக் காப்பாத்த இல்லை, மடத்துக்குக் காவல் காக்க. வந்த இடத்தில சமையல்கட்டு வேலையும் செஞ்சிருக்கு: ஒரு சக்கரத்துக்குள்ள நாய் ஓட ஓட, அடுப்பு மேல இறைச்சி கோத்த கம்பி சுத்தும்! இதைச் சார்ட்ல வரை கவின், இதை யாரும் வரைஞ்சிருக்க மாட்டாங்க.

மடத்தில மாரோனியே என்று ஒரு வேலைக்காரர் கூட்டம் இருந்தது. கம்போட பனியில இறங்கி, ஏறி வர்றவங்களை எதிர்கொண்டு கூட்டி வர்றதுதான் அவங்க வேலை. 1700களின் நடுவில அவங்க நாய்களையும் கூட்டிப்போக ஆரம்பிச்சாங்க. போகப் போகத்தான் நாயோட அருமை தெரிஞ்சது. அகல மார்பால புதுப்பனியை உழுதுகிட்டே முன்னால போகும். பின்னால வர்ற ஆளுக்கு அதுவே பாதை. மூடுபனியிலயும் மடத்துக்கு வழி மறக்காது. பனிக்கு அடியில புதைஞ்ச மனுஷனை மோப்பத்திலேயே கண்டுபிடிக்கும். தனியா பயிற்சி கிடையாது, குட்டிங்க பெரிய நாய்ங்க கூடவே போய்ப் பழகிக்கும். கிட்டத்தட்ட 200 வருஷத்தில சுமார் 2,000 பேரை அந்த நாய்கள் மீட்டதா சொல்றாங்க.

இப்ப பீப்பாய். 1820இல எட்வின் லேண்ட்சியர் என்ற ஆங்கிலேயப் பையன் ஓர் ஓவியம் வரைஞ்சான். அப்ப அவனுக்கு 18 வயசுதான். பனியில விழுந்து கிடக்கிற வழிப்போக்கர், பக்கத்தில ரெண்டு நாய், ஒரு நாயின் கழுத்தில குட்டிப் பீப்பாய். அந்த ஓவியம் அச்சுப் படமா ஊர் ஊரா பரவினதில பீப்பாயும் நாய் கழுத்திலேயே தங்கிடுச்சு. மடத்துத் துறவிகளோ எங்க நாய்கள் பீப்பாய் சுமந்ததில்லைனுதான் சொல்லிவர்றாங்க. ஒரு விஷயம் கவனி: குளிரில உறைஞ்சவனுக்கு மது கொடுக்கவே கூடாது. தோல்ல இருக்கிற ரத்தக்குழாய் விரிஞ்சு, உள்ளே மிச்சமிருக்கிற சூடும் வெளியே போயிடும். உடம்பு கதகதன்னு இருக்கிற மாதிரி தோணும், அவ்வளவுதான்.

பாரியைப் பத்தி இங்க என்னைவிட நல்லா சொல்லக்கூடிய ஒருத்தர் இருக்கார். @ஆரே_கரை, வாங்களேன்.

#3 – ஆரே_கரை

கூப்பிட்டதுக்கு நன்றி டீச்சர். தம்பி கவின், நான் சுவிசில பெர்ன் நகரத்தில இருக்கிறன். நீங்கள் எழுதின பாரி எங்கட வீட்டில இருந்து பஸ்ஸில கால் மணித்தியாலம். கதைக்குச் சொல்லேல்ல, மெய்யாத்தான். இங்கத்தை இயற்கை வரலாற்று மியூசியத்தில பாடம் செய்து வைச்சிருக்கினம். நான் மகளைக் கூட்டிக்கொண்டு மூண்டு தரம் போயிட்டன்.

முதல் தரம் போகேக்க அவளுக்கு ஆறு வயசு. பார்த்தவுடன கேட்ட கேள்வி, “அப்பா, இது ஏன் இவ்வளவு சின்னன்?” அவள் ரோட்டில கண்ட செயின்ட் பெர்னார்ட் எல்லாம் கண்டுக்குட்டி அளவு. பாரி 40, 45 கிலோதான் இருந்திருக்கும். இப்பத்தை ஆண் நாய் 80 கிலோவையும் தொடும். முகமும் வேற, இப்ப உள்ளதுகளைப் போல தொங்கிற கன்னமும் உதடும் இல்லை. நல்ல உறுதியான வேலை நாய் எண்டு பார்க்கவே விளங்கும்.

தங்கச்சியிட்டச் சொல்லுங்கோ, பாரியை ஆரும் கொல்லேல்ல. 1800இல பிறந்தது. அந்த வருஷம் மே மாசம்தான் நெப்போலியன் தன்ர படையோட அந்தக் கணவாயைக் கடந்து இத்தாலிக்குப் போனவர். 12 வருஷம் மலையில வேலை செய்து, 40 பேருக்கு மேல காப்பாத்தி, வயசு போய்க் களைச்ச பிறகு 1812இல ஒரு துறவி அதை பெர்னுக்குக் கொண்டுவந்தார், கடைசிக் காலத்தில ஆறுதலா இருக்கட்டும் எண்டு. 1814இல இந்த ஊரிலதான் கண்ணை மூடினது. 14 வயசு! அந்த அளவு நாய்க்கு அது நல்ல நீண்ட ஆயுள்.

இன்னுமொண்டு. முதல்ல பாடம் செய்து வைக்கேக்க பாரி தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, பணிவா நிண்டதாம். 1923இல திருப்பிச் செய்யேக்க தலையை நிமிர்த்தி, 1923 காலத்து செயின்ட் பெர்னார்டின்ர சாயலுக்கு மண்டையையும் கொஞ்சம் மாத்திப்போட்டினம். நான் ஒவ்வொரு முறையும் அதுக்கு முன்னால நிண்டு, அந்தக் குனிஞ்ச தலையை மனசில வரைஞ்சு பார்ப்பன்.

#4 – கவின்_7ஆம்வகுப்பு

அங்கிள் தேங்க்ஸ்!! தங்கச்சிகிட்ட படிச்சுக் காட்டினேன், சிரிச்சுட்டா. ஆனா அப்போ ஏன் எல்லாரும் கொன்னுட்டாங்கன்னு எழுதுறாங்க? அப்புறம் 45 கிலோ நாய் எப்படி 80 கிலோ ஆச்சு?

#5 – தேன்மொழி_அம்மா

நடுவில வர்றதுக்கு மன்னிக்கணும். டீச்சர் மேல மரியாதை வெச்சுத்தான் கேக்கிறேன். பிள்ளைங்களுக்குன்னு கொஞ்சம் கதை வேணாமா? பீப்பாயும் இல்லை, வீர மரணமும் இல்லைன்னு எல்லாத்தையும் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? என் பையன் அந்தப் பீப்பாயைப் பார்த்துத்தான் நாய் மேலேயே ஆசைப்பட்டான். சார்ட்ல அது இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?

#6 – வாசிப்புமேசை

நல்ல கேள்வி தேன்மொழி. கதை வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். கதையைக் கதைன்னு சொல்லித் தரணும்கிறதுதான் என் ஆசை. அப்படிச் சொன்னா அதுக்குள்ள இன்னொரு வரலாறு கிடைக்கும். கவின் கேட்டதுக்கும் இதிலேயே பதில் இருக்கு.

பிரான்சில பாரிஸ் பக்கத்தில ஆன்யேர் என்ற ஊரில நாய்களுக்குன்னே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கு, 1899இல திறந்தது. அதன் வாசல்ல பாரிக்கு ஒரு பெரிய நினைவுச்சின்னம். முதுகில ஒரு குழந்தையைச் சுமந்து நிக்கிற பாரி, கீழே கல்வெட்டு: 40 பேர் உயிரைக் காத்தது, 41ஆவது ஆளால் கொல்லப்பட்டது. பாரி நிம்மதியா செத்து சுமார் 85 வருஷம் கழிச்சு வெச்ச கல்லு! கல்லுல வெட்டிட்டா யார் சந்தேகப்படுவாங்க?

சரி, இந்தக் கதை எங்கிருந்து வந்தது? வேல்ஸ் நாட்டில பெட்கெலர்ட் என்ற ஊர்ல கெலர்ட் என்ற வேட்டை நாயின் கல்லறை இருக்கு. இளவரசன் வீடு திரும்பறான், தொட்டில் கவிழ்ந்து கிடக்கு, நாய் வாயெல்லாம் ரத்தம். குழந்தையைத் தின்னுடுச்சுனு நாயை வெட்டறான். அப்புறம் பார்த்தா குழந்தை சிரிச்சுகிட்டு இருக்கு, பக்கத்தில செத்த ஓநாய். படிச்சதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? தண்ணிக் குடத்தைப் போட்டு கீரிப்பிள்ளையைக் கொன்ன தாய்! பாம்புக்குப் பதில் ஓநாய், கீரிக்குப் பதில் நாய். கதை அதேதான், நம்ம பாட்டிங்க சொன்னது. நன்றி மறந்து, அவசரப்பட்டு, காத்த உயிரையே கொன்னுட்டோமேங்கிற பயம் எல்லா ஊர் மனுஷனுக்கும் இருக்கு. பேர் பெற்ற ஒரு நாய் கிடைச்சதும் அந்தப் பழைய கதை அது மேல ஏறி உட்கார்ந்துகிச்சு. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னா மிச்சம் ஒண்ணும் இல்லாம போகாது தேன்மொழி, இரட்டிப்பாகும்.

45 கிலோ 80 ஆன கதை: 1830 வாக்கில மடத்து நாய்களோட, கனடாப் பக்கத்துத் தீவான நியூஃபவுண்ட்லாந்தின் நாயைக் கலந்து பார்த்தாங்க. நீள முடி வந்தா குளிர் தாங்கும்னு கணக்கு. கணக்கு தப்பாப் போச்சு. நீள முடியில பனி ஒட்டி, கட்டிகட்டியா உறைஞ்சு நாயைக் கீழே இழுத்தது. அந்தக் குட்டிகளை மடத்தார் கீழே பள்ளத்தாக்கு ஊர்களுக்குக் கொடுத்துட்டாங்க. அங்க அதுக்கு மலை வேலை இல்லை, அழகும் பருமனும்தான் வேண்டியிருந்தது. கண்காட்சிக்காகப் பெரிசு பெரிசா வளர்த்தாங்க. 1884இல சுவிட்சர்லாந்து நாய்ப் பதிவேடு தொடங்கினப்ப முதல்ல பதிஞ்சது ஒரு செயின்ட் பெர்னார்டைத்தான். 1887இல சூரிச்சில கூடின மாநாடு அதை சுவிஸ் இனம்னு ஏத்துக்கிச்சு. அதாவது, ஊர் உலகம் கொண்டாடற உருவம், வேலை செஞ்ச உருவம் இல்லை.

#7 – ஸ்கார்பரோ_சிவா

நியூஃபவுண்ட்லாந்து எண்டு பேர் வந்ததால நானும் எழுதுறன். கனடாவில இருக்கிற எங்களுக்கு அந்தப் பேரைக் கேட்டா முதல்ல நினைவு வாறது நாய் இல்லை. 1986 ஆகஸ்டில 150க்கும் மேற்பட்ட எங்கட இலங்கைத் தமிழ்ச் சனம் ரெண்டு படகில அந்தக் கடலில தத்தளிச்சதும், அந்தத் தீவு மீனவர் தங்கட வள்ளங்களில ஏத்திக் கரை சேர்த்ததும்தான். புகார் மூடின, எலும்பை உறைய வைக்கிற கடல் அது. அந்தக் கடலுக்கெண்டே உருவான நாய்தான் நியூஃபவுண்ட்லாந்து.

மீனவருக்கு வலை இழுக்கும், மரவண்டி இழுக்கும், தண்ணியில விழுந்தவரைக் கவ்விக்கொண்டு வரும். விரலுக்கு இடையில நல்ல சவ்வு, தாராவின்ர கால் மாதிரி. முடி ரெண்டு அடுக்கு, எண்ணெய்ப்பசை உள்ளது, தண்ணி தோலில இறங்காது. டீச்சர் சொன்ன லேண்ட்சியர் இந்த நாயையும் கனக்க வரைஞ்சவர். கறுப்பு வெள்ளை நிறத்தில வாற வகைக்கு அவரின்ர பேரையே வைச்சுட்டினம்.

இதில ஒரு நாயைப் பற்றிக் கவின் கட்டாயம் எழுதவேணும். பேர் காண்டர். முதல்ல ஒரு வீட்டில பிள்ளைகளோட வளர்ந்தது. ஒரு நாள் விளையாட்டில அதின்ர நகம் ஒரு பிள்ளையின்ர முகத்தில கீறிப்போட்டுது. கோவத்தில இல்லை, காலைத் தூக்கினதுதான். ஆனா அவ்வளவு பெரிய கால். நாயைக் கொல்லச் சொல்லிப்போடுவினமோ எண்டு பயந்து வீட்டுக்காரர் அதைப் பக்கத்தில முகாமிட்டிருந்த படைப்பிரிவிட்டக் குடுத்திட்டினம். படை 1941இல ஹொங்கொங் போகேக்க காண்டரும் போனது. அந்த டிசம்பரில ஜப்பான் படை தாக்கேக்க, காயப்பட்டுக் கிடந்த வீரருக்குப் பக்கத்தில ஒரு கையெறிகுண்டு வந்து விழுந்தது. காண்டர் அதைக் கவ்விக்கொண்டு ஓடினது. குண்டு வெடிச்சு அது செத்தது, ஏழு வீரர் தப்பிச்சினம். 2000ஆம் ஆண்டு அதுக்கு டிக்கின் பதக்கம் குடுத்தவை, போரில துணை நிண்ட விலங்குகளுக்குக் குடுக்கிற பிரிட்டிஷ் பதக்கம்.

தேன்மொழி அக்கா, இதுக்கு ஒரு பீப்பாயும் தேவையில்லை.

#8 – கடல்காற்று

நானும் ஒண்ணு சேர்க்கிறேன். கப்பல்ல இருந்து ரிட்டயர் ஆனவன், தூத்துக்குடி. தென்னாப்பிரிக்காவில கேப் டவுன் பக்கம் சைமன்ஸ் டவுன்னு ஒரு கடற்படைத் துறைமுகம். அங்க சதுக்கத்தில ஒரு கிரேட் டேன் நாய்க்கு வெண்கலச் சிலை இருக்கு. பெயர் ஜஸ்ட் நியூசன்ஸ், “வெறும் தொல்லை”ன்னு அர்த்தம்.

ஏன் அந்தப் பெயர்? கப்பலுக்கு ஏறுற பலகையோட உச்சியில போய் நீட்டிப் படுத்துக்கும். அவ்வளவு பெரிய நாய் படுத்தா மாலுமி எப்படிப் போவான்? மாலுமிகளோட ரயிலேறி கேப் டவுனுக்குப் போகும். டிக்கெட் எடுக்காத நாய்னு ரயில்வே புகார் மேல புகார், கொன்னுடுவோம்னு மிரட்டல். கடற்படை என்ன செஞ்சது தெரியுமா கவின்? 25 ஆகஸ்ட் 1939 அன்னைக்கு நாயை முறைப்படி மாலுமியாவே சேர்த்துக்கிட்டாங்க! மாலுமிக்கு ரயில் இலவசம். படிவத்தில தொழில்னு இருக்கிற இடத்தில “எலும்பு நொறுக்குபவர்”னு எழுதியிருக்கு. 1944இல ஏழு வயசில இறந்தப்ப கடற்படை மரியாதையோட புதைச்சாங்க.

கிரேட் டேன்னு சொன்னாலும் டென்மார்க் நாய் இல்லை. ஜெர்மனியில காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த இனம். பன்றி வேட்டை நாய்னா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கோ. ஆனா நான் பார்த்த ஒவ்வொரு கிரேட் டேனும் வந்து மனுஷன் தொடை மேல சாய்ஞ்சுக்கும். மடியில உட்காரலாம்னு அதுக்கு உண்மையிலேயே நம்பிக்கை.

ராஜபாளையம் பத்தி யாரும் பேசலையே?

#9 – வாசிப்புமேசை

ராஜபாளையத்துக்குத் தனி இழையே போடணும் ஐயா. 2005இல தபால்தலை வந்த நாய், ரெண்டு வரியில முடிக்க மனசு வரலை.

#10 – தேன்மொழி_அம்மா

டீச்சர், சிவா தம்பி, ரெண்டு பேரும் சொன்னது மனசுல பட்டுச்சு. கீரிப்பிள்ளை கதையை ராத்திரி பையனுக்குச் சொன்னேன், பாரி கதையையும் சேர்த்து. இப்ப வேற பிரச்சினை. பிறந்தநாளுக்கு செயின்ட் பெர்னார்ட் குட்டிதான் வேணுமாம். திருச்சியில வளர்க்க முடியுமா? ஏசி போட்டு வளர்க்கலாம்னு விக்கிறவர் சொல்றார்.

#11 – ஈரோட்டு_கால்நடைமருத்துவர்

வேண்டாம்மா. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதன் இயல்பான உடல்சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். பனியில் படுத்துத் தூங்குவதற்கான இரட்டை முடியை உடுத்திக்கொண்டு நம் ஊர் சித்திரை வெயிலில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் மே மாதத்தில் ஒரு செயின்ட் பெர்னார்டைத் தூக்கி வந்தார்கள். அந்த வீட்டிலும் ஏசி இருந்தது. மதியம் கரண்ட் போய் மூன்று மணி நேரம் வரவில்லை. குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, மின்விசிறி வைத்து, சலைன் ஏற்றி, எல்லாம் செய்தோம். பிழைக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை அதன் காதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் நேராகச் சொன்னேன்.

கவினுக்கு: பெரிய நாய்களின் ஆயுள் குறைவு என்பதையும் சார்ட்டில் எழுது. யானை எலியைவிட அதிக நாள் வாழும். ஆனால் நாய்க்குள் மட்டும் தலைகீழ். சின்ன நாய் 15 வருடம்கூட வாழும். செயின்ட் பெர்னார்ட் 8 முதல் 10, கிரேட் டேன் 7 முதல் 10, உயரத்தில் பேர்போன ஐரிஷ் ஓநாய் வேட்டை நாய் 6 முதல் 8. பெரிய இனங்கள் வேகமாக வளர்கின்றன, வேகமாகவே மூப்பும் அடைகின்றன. பிறக்கும்போது ஏறக்குறைய அரை கிலோ இருக்கும் கிரேட் டேன் குட்டி, ஒரே வருடத்தில் நாற்பது கிலோவைத் தாண்டிவிடும். அந்த வேகத்தை எலும்பு தாங்க வேண்டும். இங்கே பலர் பெரிய இனக் குட்டிக்கு அன்பின் மிகுதியால் கால்சியம் டானிக்கைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறார்கள். அது எலும்பைக் கோணலாக்கும். மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே பெரிய நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும். வயிறு வீங்கும், வாந்தி எடுக்க முயலும், ஆனால் எதுவும் வராது, நிலைகொள்ளாமல் அலையும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் இறந்துவிடும்.

குணத்தைக் கேட்டால், நான் கையாண்டவற்றில் ஊசி போட மிக எளிதானவை இந்தப் பெரியவைதான். தலையை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும். ஆனால் காண்டர் கதையில் வந்ததுபோல, தன் பருமன் அதற்குத் தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளையை எந்தப் பெரிய நாயோடும் தனியாக விடக் கூடாது.

#12 – தேன்மொழி_அம்மா

நன்றி டாக்டர். வாங்கலை. இந்தப் பதிவைப் பையனையே படிக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், “அந்த அக்கா இப்ப எப்படிம்மா இருக்காங்க?”ன்னு கேட்டான்.

#13 – கவின்_7ஆம்வகுப்பு

சார்ட் முடிச்சுட்டேன்! பீப்பாயை அழிக்கலை. அதுக்குப் பக்கத்துல “இது 1820 ஓவியத்துல இருந்து வந்தது”ன்னு ஒரு அம்புக்குறி போட்டேன். சக்கரத்துக்குள்ள ஓடுற நாயும் வரைஞ்சாச்சு. பாரி 45 கிலோ, இப்ப 80 கிலோன்னு ரெண்டு நாயைப் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சேன், பாரிக்கு மட்டும் தலை குனிஞ்சு.

ஒரு கடைசிக் கேள்வி. அந்த மடத்துல இப்பவும் நாய்ங்க இருக்கா?

#14 – ஆரே_கரை

இருக்கு தம்பி, ஆனா முந்தி மாதிரி இல்லை. 1964இல மலைக்குக் கீழால சுரங்கப்பாதை வந்திட்டுது. பனிச்சரிவில தேட இப்ப ஹெலிகொப்டரில ஏத்தக்கூடிய எடை குறைஞ்ச நாய்களைத்தான் கொண்டுபோயினம். மடத்தில மிஞ்சினது கொஞ்சத் துறவிகள்தான், அவைக்கு அவ்வளவு நாய்களைப் பராமரிக்க ஏலாது. 2005இல மலையடிவாரத்து மார்த்திஞி நகரத்தில ஒரு அறக்கட்டளை தொடங்கி நாய்களைப் பொறுப்பெடுத்தினம். கோடையில மட்டும் கணவாய்க்குக் கூட்டிக்கொண்டு போவினம். மற்ற நேரம் முதியோர் இல்லங்களுக்குக் கூட்டிப்போய், படுக்கையில இருக்கிற ஆக்களோட இருக்க விடுகினம்.

அதுகளில ஒண்டுக்கு எப்பவும் பாரி எண்டுதான் பேர். வாற யூலையில மகளோட மேல போறன். இப்பத்தைப் பாரியைக் கண்டால் படம் எடுத்து இந்த இழையிலேயே போடுறன். தங்கச்சியையும் பார்க்கச் சொல்லுங்கோ.